ஒரு லட்சமாவது குழந்தை: ஐந்தாம் வரைவு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு பானக் கம்பெனியும் ஓர் அறக்கட்டளையும் சுகாதாரத் துறையும் கைகோத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. கம்பெனியின் சரக்கு வண்டிகளில் பாட்டில்களோடு மருந்தும் போகும். கம்பெனி கொடுத்த குளிர்பெட்டிகளில் அது காத்திருக்கும். அந்தத் திட்டத்தின் ஒரு லட்சமாவது குழந்தைக்கு ஊசி போடும் தருணத்தை 'நெஞ்சைத் தொடும்படி, அறுநூறு சொற்களுக்கு மிகாமல்' எழுதித் தரும்படி கேட்டார்கள். கதைகள் எப்படியெல்லாம் பொய் சொல்கின்றன என்று முந்நூறு பக்கத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அறுநூறு சொற்கள் என்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன்.

நான்கு வரைவுகள் குப்பைக்குப் போயின. இது ஐந்தாவது. கேட்டவர்கள் இதை வெளியிடப்போவதில்லை என்பது உறுதி. ஆகவே இனி இதற்கு வாசகர் நீங்கள்தான்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சிவப்பும் நீலமுமாக அணிவகுத்து நின்ற மருந்துப் பெட்டிகள், இன்னும் பிறக்காத நாளைகளைப் போல—"

போதும். 'பிறக்காத நாளைகள்' என்பதற்காக நீங்கள் என்னை மன்னித்துவிடலாம். இளம் வயதில் எல்லோரும் செய்கிற குற்றம்தான். அந்த அணிவகுப்புக்காக மன்னிக்க முடியுமா என்பது வேறு விஷயம். (அதற்குத் திரும்பி வருவேன். வராமல் தப்பிக்கப் பார்த்தால் பிடித்து இழுங்கள்.)

2

கதையின் நடுவே நிற்பவர் ஒரு செவிலியர். பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, எல்லோருக்கும் சிஸ்டர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இரண்டறைச் சுகாதார நிலையத்தில் வேலை. முன்னறையில் ஒரு நீள பெஞ்சு, குழந்தைகளை எடை பார்க்கும் தராசு, ஓடினாலும் நின்றாலும் யாரும் பொருட்படுத்தாத ஒரு சுவர்க்கடிகாரம். பின்னறையில் ஒரு மேஜை, கை கழுவும் தொட்டி, அந்தக் குளிர்பெட்டி.

குளிர்பெட்டி என்று நான் எழுதுகிறேன். சிஸ்டர் அதை 'கடைக்காரன்' என்கிறார். குளிர்பானம் விற்கும் கடைகளில் நிற்குமே, நெற்றியில் விளக்கெரியும் கண்ணாடிக் கதவுப் பெட்டி, அதுதான். தட்டுகளை மாற்றி, முன்பக்கம் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, மருந்து வைக்கத் தோதாக்கியிருந்தார்கள்.

"கண்ணாடி எதுக்கு வச்சான்? உள்ள இருக்கறதப் பாத்து வாங்கணும்னு ஆசை வர்றதுக்கு. மருந்த யாரும் ஆசையா பாக்க வேண்டாம் தம்பி. அது கெடாம இருந்தா போதும்" என்றார் சிஸ்டர்.

அந்தப் பெட்டிக்குள் அவர் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. ஐந்து நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசி மருந்து மேல்தட்டில், பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்க வேண்டும். பின்சுவரில் பனி படியும். அந்த மருந்து ஒருமுறை உறைந்தால் செத்தது. அம்மை மருந்து உறைந்தாலும் பரவாயில்லை. அது கீழே இருக்கலாம். நான்கு விரல் இடைவெளியை ஒரு சிவப்பு ஒட்டுநாடாவால் கோடிழுத்து வைத்திருந்தார். எதற்கு அந்தக் கோடு என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இரண்டாம் வரைவில் அவரை 'அன்பே உருவானவர்' என்று எழுதி, அவருக்கே படித்துக் காட்டினேன்.

"யாரு, நானா? காலைல எட்டு மணிக்கு முன்னாடி எவனாவது எங்கிட்ட பேசினா கடிச்சு வச்சிருவேன். அத எழுது."

எழுதிவிட்டேன்.*

* இந்தக் கதையில் 'சிஸ்டர் நினைத்தார்' என்று வரும் இடங்களை எல்லாம் அவரிடம் காட்டினேன். பாதியை 'நான் அப்படி நெனைக்கவே இல்ல' என்று அடித்துவிட்டார். எஞ்சியவைதான் இங்கே.

கம்பெனியைத் திட்டுவது எளிது. எனக்கும் நாக்கு துடிக்கிறது. ஆனால் அந்தச் சரக்கு வண்டி வருவதற்கு முன் மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் நடந்து வந்த தாய்மார்களை 'அடுத்த வாரம் பாருங்க' என்று திருப்பி அனுப்புவதுதான் சிஸ்டரின் முக்கால்வாசி வேலையாக இருந்ததாம். இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் வண்டி வந்துவிடுகிறது. "அந்தப் பாட்டில் வண்டி வந்த பிறகுதான் இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கவங்க மூஞ்சிய நேரா பாக்கறேன்" என்றார். இதை அடிக்கச் சொல்லவில்லை.

3

வெள்ளிக்கிழமை சிஸ்டரை நகரத்துக்கு ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் தலைப்பு: 'நம் வெற்றிகளைக் கதையாகச் சொல்வது எப்படி?' (நான் புனையவில்லை. புனைந்திருந்தால் இவ்வளவு மட்டமாகப் புனைந்திருக்கமாட்டேன்.)

சனிக்கிழமை ஊசி நாள். பத்தொன்பது குழந்தைகள். வாசலில் பெரிய பதாகை கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் கம்பெனியின் கூட்டாண்மை அலுவலர். எங்கே போனாலும் கக்கத்தில் சுருட்டிய பதாகையோடு திரிவதால் சிஸ்டர் அவருக்கு வைத்த பெயர் பேனர் சார். தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தவர், பன்னிரண்டாவது குழந்தை மடியேறியதும் கையைத் தூக்கி, "நிறுத்துங்க, நிறுத்துங்க! இதுதான்!" என்று கத்தினார். குழந்தை ஊசிக்கு முன்பே அழுதுவிட்டது.

மூன்றரை மாதப் பெண்குழந்தை. தாய் ஒரு சலவையகத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பவர். அரைநாள் விடுப்பில் வந்திருந்தார்.

"என்ன சார் தப்பு பண்ணிட்டேன்?"

"தப்பில்லம்மா! உங்க பாப்பாதான் ஒரு லட்சமாவது குழந்தை!"

"அப்ப எனக்கு முன்னாடி போனாளே, அவளோடது?"

"அது தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து..."

"நல்லா வேணும். வரிசைல என்னைத் தள்ளிட்டுப் போய் நின்னா."

படம் எடுத்தார்கள். சிஸ்டர் ஊசி போட்டார். குழந்தைக்குப் பெயர் வைக்க வீட்டில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்ததால், மாலைக்குள் சலவையகத்தின் பின்புறம் அவர்கள் குடியிருந்த சந்து முழுவதும் அவளை 'லட்சம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. லட்சம் தூங்கறா. லட்சம் பால் குடிச்சாச்சா? சலவையகத்தில் அந்தத் தாய் 'லட்சத்தோட அம்மா' ஆகிவிட்டார்.

மூன்றாம் வரைவு இந்த இடத்தில் முடிந்தது. கடைசி வாக்கியம்கூட நன்றாகவே வந்திருந்தது. அங்கேயே எழுந்து போயிருக்கலாம்.

4

திங்கட்கிழமை காலை பேனர் சார் சட்டம் போட்ட படத்தோடு வந்தார். நான் அவரோடு போனேன். 'செவிலியரின் நெகிழ்ச்சி' என்று ஒரு பத்தி குறைவதாகச் சொல்லியிருந்தார்.

நெகிழ்ச்சி எதுவும் அங்கே இல்லை. சிஸ்டர் குளிர்பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார். கீழ்த்தட்டின் பின்சுவரோடு ஒரு மருந்துப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் இருக்க வேண்டிய பெட்டி. இழுத்தபோது சரக்கென்று பனியோடு பிய்ந்து வந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற சாவி அக்கா தரையைப் பார்த்தார். நிலையத்தைத் திறந்து பூட்டுவதும் கூட்டித் துடைப்பதும் அவர் வேலை. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து.

"அக்கா, உங்களத்தான் கேக்கறேன்."

"வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் எல்லாம் இடம் மாறி இருந்துச்சு சிஸ்டர். சாயங்காலம் பூட்டறப்ப திரும்ப மேல எடுத்து வச்சிட்டேன். இது ஒண்ணு கண்ணுல படல."

"எல்லாமே சுவத்தோட ஒட்டி இருந்துச்சா?"

"படம் எடுக்கறதுக்காக..." என்று இழுத்து நிறுத்தினார் சாவி அக்கா.

சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. மூன்று குப்பிகளை எடுத்தார். ஒன்று பனியில் ஒட்டியிருந்த பெட்டியிலிருந்து. அதை உள்ளங்கையில் பொத்தி உருகவைத்தார். இரண்டாவது, சனிக்கிழமை பத்தொன்பது குழந்தைகளுக்கும் போட்ட பெட்டியில் மிஞ்சியது. மூன்றாவது, மேல்தட்டின் மூலையில் நாடாவுக்கு முன்னால் அசையாமல் இருந்த பெட்டியிலிருந்து. மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி, ஜன்னலோர மேஜையில் வரிசையாக வைத்தார்.

"என்ன சிஸ்டர், ஜோசியமா?" என்றார் பேனர் சார்.

"உக்காருங்க சார். அரை மணி நேரம் வாயையும் மேஜையையும் ஆட்டாம இருங்க."

உறைந்து உருகிய மருந்து குலுக்கினால் நல்ல மருந்தைப் போலவே பால்வெள்ளையாகத் தெரியும். சும்மா விட்டால்தான் குட்டு வெளிப்படும். அதில் இருப்பது கட்டிகட்டியாகச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். நல்லது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. பரிசோதனைக் கூடம் எதுவும் வேண்டாம். வேண்டியது பொறுமை மட்டும். அந்த அறையில் அது சிஸ்டரிடம் மட்டும் இருந்தது.

முதல் குப்பியில் வெள்ளை இறங்கத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் மேலே தெளிந்த நீர், அடியில் மணல். சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை, இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மேஜை விளிம்பைப் பற்றியிருந்தன. பத்தொன்பது தொடைகள், பத்தொன்பது அழுகைகள், எல்லாம் அவர் கை வழியாகப் போனவை.

இரண்டாவதும் இறங்கியது. முதலாவதற்குச் சளைக்காமல்.

மூன்றாவது மட்டும் பால்போல அப்படியே நின்றது.

"ஆபத்தா?" என்றார் பேனர் சார். குரலில் விளையாட்டு போயிருந்தது.

"விஷம் இல்ல சார். குழந்தைங்களுக்கு வலி மட்டும்தான் நெசமா கொடுத்திருக்கேன். பாதுகாப்பு கொடுக்கல. பத்தொன்பது பேரையும் கூப்பிட்டு மறுபடி போடணும்."

பேனர் சார் மடியில் இருந்த சட்டம் போட்ட படத்தைப் பார்த்தார்.

"பதினெட்டு" என்றார்.

"என்னது?"

"பதினெட்டு பேரக் கூப்பிடுங்க. அந்த ஒரு குழந்தைய மட்டும் அடுத்த தவணைல பாத்துக்கலாம். மத்தவங்க கணக்க யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா அவளுக்கு மறுபடி போட்டா, அன்னிக்குப் போட்டது கணக்குல வராது. அவ லட்சமாவது இல்லன்னு ஆயிடும்."

"மத்தவங்களுக்கு மருந்து, லட்சத்துக்கு மட்டும் தண்ணியா சார்?"

"நான் என் சுகத்துக்கா கேக்கறேன்? இந்த அறிக்கைய வச்சுதான் இன்னும் நாப்பது நிலையத்துக்குப் பெட்டி வரப்போகுது. அங்கல்லாம் இப்ப மருந்து ஐஸ் உருகின வாளித் தண்ணில மிதக்குது. நீங்களே பாத்திருக்கீங்க."

சிஸ்டர் பார்த்திருந்தார். (நான்காம் வரைவில் பேனர் சாரை வில்லனாக எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். எரிச்சலூட்டும் விதமாக அவர் சொன்னதில் பாதி உண்மை.)

"அப்படியே இருந்தாலும் சார், அதுக்குள்ள அவளுக்குக் கக்குவான் இருமல் வந்து மூச்சு முட்டினா, நாப்பது பெட்டிய கொண்டு போய் அவ அம்மா முன்னாடி வைப்பீங்களா?"

பேனர் சார் படத்தை மடியிலேயே கவிழ்த்து வைத்தார். பிறகு, பணிவாக, "சரி, காரணம் என்னன்னு எழுதப்போறீங்க? மின்தடைன்னு போட்டுருங்களேன். யாருக்கும் சிக்கல் இல்ல" என்றார்.

"மின்சாரம் போனா பெட்டி சூடாகும் சார், உறையாது. பொய் சொல்றதயாவது கொஞ்சம் அறிவோட சொல்லுங்க."

5

நீங்கள் பிடித்து இழுக்கவில்லை, நானே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் படக்காரரோடு நிலையத்துக்குப் போனவன் நான். சிஸ்டர் பயிற்சியில் இருந்தார். எனக்கு ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு நேரே, எந்த வண்ணமும் இல்லாத சோப்புக்கட்டி போன்ற வெள்ளைப் பெட்டிகள். சிவப்பும் நீலமுமான அம்மை மருந்துப் பெட்டிகளோ கீழே, இருட்டில். "அக்கா, கொஞ்சம் திறங்க" என்றேன். சாவி அக்கா, "சிஸ்டர் திட்டுவாங்க" என்றார். "ரெண்டே நிமிஷம்" என்றேன். வண்ணப் பெட்டிகளை மேலே அடுக்கினேன். வெள்ளைப் பெட்டிகளைக் கீழே தள்ளி, படத்தில் விழாதபடி பின்சுவர் வரை அழுத்தினேன். அந்தச் சிவப்பு நாடா கையில் தட்டியது. ஏதோ பழைய ஒட்டுநாடா என்று நினைத்தேன். கதவுச்சட்டம் மறைத்ததால் மூலையில் ஒரு பெட்டியை மட்டும் அப்படியே விட்டேன். மூன்றாவது குப்பி அதில் இருந்ததுதான். படத்துக்கு உதவாது என்று நான் ஒதுக்கியது மட்டுமே பிழைத்தது.

திரும்ப எடுத்து வைக்க மறந்துவிட்டேன். வாக்கியம் நன்றாக வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை சிஸ்டர் கேட்டபோது சாவி அக்கா தரையைப் பார்த்தார் என்று எழுதினேன். தரையைப் பார்ப்பதற்கு முன் அவர் என்னைப் பார்த்தார். நான் கதவு வழியே முன்னறைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. அன்று மாலை வரை சாவி அக்காவுக்குத்தான் ஏச்சு.

ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க இதைத்தான் எழுதியிருக்கிறேன்: கதைசொல்லி தன்னை மறைத்துக்கொள்ளும் உத்திகள். மேற்பார்வையாளர் அதைப் பாராட்டினார்.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: அன்று இரவே மனம் வெதும்பி, மழையில் நனைந்தபடி நான் சிஸ்டரின் வீட்டுக் கதவைத்— மழையும் பெய்யவில்லை, நானும் போகவில்லை.

இரண்டாம் முடிவு: பேனர் சார் மனம் மாறி, அந்தப் பதாகையைத் தன் கையாலேயே கிழித்து— அவர் அதைச் சுருட்டி எடுத்துப் போனார். நல்ல துணி.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை நான்காம் வரைவை சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். அதில் 'யாரோ பெட்டிகளை நகர்த்தியிருந்தார்கள்' என்று ஒரு வரி. அவர் ஊசிகளை எண்ணிக்கொண்டே கேட்டார். அந்த வரியில் எண்ணுவதை நிறுத்தினார்.

"யாரோன்னு ஒருத்தன் இங்க கிடையாது தம்பி. வெள்ளிக்கிழமை இந்த ரெண்டு ரூமுக்குள்ள வந்தது மொத்தமே மூணு பேர்."

நான் வரைவை மடித்தேன்.

"சாவி அக்கா நேத்தே சொல்லிட்டாங்க. நீயா சொல்றியான்னுதான் இன்னிக்கு உன் கதைய உக்காந்து கேட்டேன். எனக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சியா?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மருந்து உறைந்ததைத் துறைக்குத் தெரிவிக்கும் படிவம். தேதி, மருந்தின் தொகுதி எண், குழந்தைகளின் எண்ணிக்கை எல்லாம் அவர் எழுத்தில் நிரம்பியிருந்தன. எண்ணிக்கை: பத்தொன்பது. 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலி. இரண்டு விரல் அகலம் இருக்கும்.

"அது காலியா போனா பெட்டிக்குப் பொறுப்பு யாருன்னு பாப்பாங்க. பொறுப்பு நான். இருபத்திரண்டு வருஷத்துல என் பேர்ல ஒரு குப்பி கெட்டதில்ல."

எழுதினேன்: 'காட்சி அமைப்பின் பொருட்டுப் பெட்டிகள் இடமாற்றம் செய்யப்பட்டமையால்.'

படித்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்க இருக்க?"

அடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினேன்: 'படம் எடுப்பதற்காக நான் பெட்டிகளைப் பின்சுவரோடு தள்ளி வைத்தேன். திரும்ப வைக்கவில்லை.' கீழே பெயர், கையெழுத்து, தொலைபேசி எண். இதுவரை எழுதியவற்றில் என்னுடைய மிகக் குறுகிய படைப்பு. அலங்காரத்துக்கு இடமில்லை, கட்டம் சிறியது.

சிஸ்டர் அதை மடித்தார். "அறுநூறு வார்த்தை கேட்டானாமே, பத்து வார்த்தைல முடியற விஷயத்துக்கு" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அக்காகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போ. அவங்க திட்டுவாங்க. வாங்கிக்க."

திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

7

புதன்கிழமை மாலைக்குள் பதினெட்டுக் குழந்தைகள் வந்துவிட்டார்கள். 'மருந்து கெட்டுப்போயிருந்தது, தப்பு எங்களோடது' என்று ஒவ்வொரு தாயிடமும் சிஸ்டர் அதே சொற்களில் சொன்னார். இருவர் சண்டை போட்டார்கள். ஒருவர், "இனிமே உங்க ஊசிய எப்படி நம்பறது?" என்று கேட்டார். ஆனாலும் அந்தத் தாய் குழந்தையை மடியில் திருப்பிக் காட்டினார்.

லட்சம் வரவில்லை. பேனர் சார் முந்திக்கொண்டு சட்டம் போட்ட படத்தை அவர்கள் வீட்டிலேயே கொடுத்து, 'உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கு' என்று சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை சிஸ்டர் குளிர்ப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சலவையகத்துக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். பின்புறம் நீராவி வரும் சந்து. இருபுறமும் கொடிகளில் ஈர விரிப்புகள். அவற்றை விலக்கி விலக்கித்தான் நடக்க வேண்டும். கடைசி வீட்டுக் கதவில் அந்தத் தாய் நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம், புது ஆணியில்.

"வாங்க சிஸ்டர்! லட்சத்தப் பாக்கவா வந்தீங்க?"

"ஆமாம்மா. உள்ள வந்து சொல்றேன்." சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ இங்கயே நில்லு. உள்ள வந்தா அந்தப் பொண்ணு மூஞ்சில எதையாவது பாத்து எழுதிருவ."

கதவு மூடியது.

நான் வெளியே நிற்கிறேன். உள்ளே பேச்சு கேட்கிறது. சொற்கள் பிடிபடவில்லை, சலவை இயந்திரத்தின் இரைச்சல். ஒருமுறை அந்தத் தாயின் குரல் உயர்கிறது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு குழந்தை அழுகிறது.

ஊசிக்கான அழுகை என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் குழந்தைகள் எதற்கும் அழும். யாரோ கத்தியதற்கே அழுதவள்தானே அவள். அந்தப் படம் இன்னும் சுவரில் இருக்கிறதா, அந்தத் தாய் இனி யாருடைய அம்மா, நாற்பது பெட்டிகள் வருமா, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு முடிவு அழகாக அமைய வேண்டும் என்பதற்காக இனி எதையும் இடம் மாற்றப்போவதில்லை.

உங்களுக்குத் தாளவில்லை என்றால் கதவைத் திறந்து பாருங்கள். பூட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போங்கள். உள்ளே எதையும் தொடாதீர்கள்.